தண்ணீர் குடிக்காத கார்!

எகிப்து, லிபியா, சூடான் மூன்றும் சந்திக்கும் மூலையில், சகாரா நடுவே 1,900 மீட்டருக்கும் மேலே நிமிர்ந்து நிற்கிறது உவைநாத் மலை. 1930-ல், பெரும் மணல் கடலைத் தாண்டி அந்த மலைக்கு ஃபோர்டு கார்களில் போய்ச் சேர்ந்தார் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட். சாப்பாடு, போர்வை, பெட்ரோல், தண்ணீர் எல்லாமே வண்டியில்தான். கூரை? நட்சத்திரங்கள்!

பிரச்னையே தண்ணீர்தான். மணலில் வண்டி முக்கி முனகும்போது ரேடியேட்டர் கொதித்து, நீர் ஆவியாகப் போய்விடும். வண்டிக்கே ஊத்திட்டா மனுஷன் எதைக் குடிப்பான்? ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாயை இழுத்து, பக்கத்தில் கட்டிய தண்ணீர் டின்னுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து நீரானது. இன்ஜின் ஆறியதும் அந்த நீரை ரேடியேட்டரே திரும்ப உறிஞ்சிக்கொண்டது. சொட்டுகூட வீணில்லை!

காரின் இரும்பு காந்த முள்ளைக் குழப்பியதா? நிழலை வைத்துத் திசை சொல்லும் சூரியக் கருவி. சக்கரம் புதைந்ததா? அடியில் இரும்புத் தகடு.

வேலையத்த வேலை என்று தோன்றும். 1940-ல் இத்தாலி போரில் குதித்ததும், இதே உத்திகளை வைத்து ஒரு பாலைவனப் படையை உருவாக்கினார் பேக்னால்ட். 1941 ஜனவரியில், லிபியாவின் உட்புறத்தில் நிம்மதியாக இருந்த முர்ஸுக் கோட்டை இத்தாலியர்கள் முன்னால் திடீரென்று வந்து நின்றன அந்தப் படையின் லாரிகள்.

மணல் கடலை அரணாக நம்பியவர்களைத் தோற்கடித்ததில், அந்தச் சின்ன டின்னுக்கும் பங்கு உண்டு!