1961-ல் கொடுத்த ரெண்டு இடைவேளை

மகப்பேறு பயன் சட்டம் வந்தது 1961-ல். வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்கு 15 மாசம் ஆகும்வரை தினம் ரெண்டு பாலூட்டும் இடைவேளை. நல்ல சட்டம்தான். ஆனால் பிள்ளை பக்கத்திலேயே இருக்கும் என்று நினைத்து எழுதியது. என் பிள்ளை டோம்பிவிலியில், நான் ஃபோர்ட் கிளையில். நடுவே லோக்கல் ரயில்!

மிச்சம் பம்ப்தான். மூணு மணிக்கொரு தரம் எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொள்ளும், நாளடைவில் சுரப்பும் குறையும். எடுக்க எடுக்கத்தான் ஊறும். எனக்குக் கிடைத்த இடம் ரெக்கார்டு ரூம், பழைய லெட்ஜர்கள் சாட்சி.

இத்தனைக்கும் நம்ம சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989-லேயே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிவிட்டார். (அது வேற வங்கி!)

2017 திருத்தம் முதல் ரெண்டு பிள்ளைகளுக்கு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கியது. 50 பேர் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது. பால் எடுக்கத் தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை? அதில் ஒரு வரி இல்லை.