பென்னி ரெட்

பென்னி ரெட் என்பது ஐக்கிய இராச்சியத்தில் 1841 முதல் 1879 வரை வெளியிடப்பட்ட, ஒரு பென்னி மதிப்புள்ள சிவப்பு அஞ்சல் தலை ஆகும். உலகின் முதல் அஞ்சல் தலையான பென்னி பிளாக்கின் மீது இடப்பட்ட சிவப்பு முத்திரையை எளிதில் அழிக்க முடிந்தமையால், தலை சிவப்பாகவும் முத்திரை கறுப்பாகவும் மாற்றப்பட்டன.

பழைய பெட்டிகளிலும் கடிதக் கட்டுகளிலும் கிடைக்கும் பிரித்தானியத் தலைகளில் இது மிகச் சாதாரணமானது. நாட்டின் பெயர் இதில் இராது. விக்டோரியா அரசியின் தலையுருவே அடையாளம். தொடக்ககாலத் தலைகளில் ஓரத்துளைகள் இல்லை. 1864 முதல் வெளியானவற்றில் நான்கு மூலைகளிலும் எழுத்துகள் உள்ளன. இருபக்க அலங்கார வளைவுகளுக்குள் அச்சுத் தகட்டின் எண் மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இதைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி தேவை.

71 முதல் 225 வரையான இவ்வெண்களில் 77 மிகவும் அரிதானது. குறைபாட்டினால் கைவிடப்பட்ட அத்தகட்டின் தலைகளுள் சில எவ்வாறோ புழக்கத்திற்கு வந்துவிட்டன. பிரித்தானிய நூலகத்தின் தாப்ளிங் சேகரிப்பில் ஒன்று உள்ளது. ஆனால் வீட்டுப் பெட்டியில் 77 எனத் தோன்றுவது பெரும்பாலும் 73 ஆகவோ முதல் இலக்கம் மறைந்த 177 ஆகவோ இருக்கும். இலக்கத்தைச் சுரண்டிச் செய்த போலிகளும் உண்டு.

எண்ணைப் பார்க்கும் ஆவலில் தலையை உறையிலிருந்து உரித்தெடுத்தல் ஆகாது. உறையிலுள்ள முத்திரையின் ஊரும் தேதியும் பலவேளைகளில் தலையைவிட மதிப்புமிக்க சான்றுகளாகும்.