மலையின் வடிவமும் மீரியபெத்தையும்

மலையொன்றின் உயரத்தை அளத்தல் வேறு. அதன் வடிவத்தை அறிதல் வேறு. உயர அளவைகளை வரிசையாக எழுதிவைத்தால் அவை வெறும் எண்களாகவே நிற்கும். சம உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டினால் இணைத்ததும் அவ்வெண்களிடையே சிகரமும் பள்ளமும் கணவாயும் புலப்படுகின்றன. தரவிலிருந்து வடிவத்தைக் காணும் இம்முயற்சியின் வரலாறு ஊவா மாகாணத்துத் தோட்டங்களையும் தொட்டு நிற்பதாகும்.

1774ஆம் ஆண்டில், புவியின் அடர்த்தியை அறியும் பொருட்டு ஸ்கொட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் அளவைகள் எடுக்கப்பெற்றன. அவற்றைக் கணித்த சாள்ஸ் ஹட்டன், சமவுயரக் கோடுகளின் துணைகொண்டே மலையின் கனவளவை மதிப்பிட்டார். 1859இல் ஆதர் கேலியும், 1870இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல்லும் அக்கோடுகளின் பின்னுள்ள கணித ஒழுங்கை ஆராய்ந்தனர். புவி முழுவதையும் கருதின், சிகரங்களையும் பள்ளங்களையும் கூட்டி, எளிய கணவாய்களைக் கழிக்க எஞ்சுவது எப்போதும் 2 ஆகும். எந்நிலத்து நீர் எப்பள்ளத்தைச் சேரும் என்பதற்கேற்ப நிலப்பரப்பைப் பிரிக்கலாம் என்பதையும் மக்ஸ்வெல் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் மாஸ்டன் மோர்ஸ் இவ்வெண்ணங்களைப் பொதுமைப்படுத்தினார். இன்று பெருந்தொகைத் தரவுகளின் உருவத்தை ஆராயும் இடத்தியல் முறைகள் அவ்வழி வந்தவையே.

மலைநாட்டில் இக்கணிதம் உயிர்காக்கும் அறிவாகின்றது. புறங்குவிந்த சரிவு மழைநீரைப் பரப்பிவிடும். உட்குழிந்த சரிவோ அதனை ஓரிடத்தே திரட்டும். அக்குழிவில் நெடுங்காலமாகப் படிந்த தளர்ந்த மண் பெருமழையால் நிறையுங்கால், மண்ணிடை நீரமுக்கம் உயர்ந்து பிடிமானம் குன்றும். 1990களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வலயப் படங்களை வரையத் தொடங்கியது. பாறை, மண்படை, சாய்வு, நீரோட்டம், நிலவுருவம், நிலப்பயன்பாடு ஆகிய ஆறு காரணிகளும் அவற்றில் ஒருங்கே நோக்கப்பட்டன.

கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் அபாயநிலை குறித்து 2005இலும் 2011இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. எனினும் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடிற்று. காணாமற்போனோர் நூற்றுக்கணக்கினர் என முதலிற் கூறப்பட்ட தொகை பின்னர் பெரிதும் குறைக்கப்பட்டது. மலையின் சாய்வைப் பாகை கணக்கில் அளந்த ஒரு நாட்டில், அதன் அடியில் வாழ்ந்தோர் எத்தனை பேர் என்பதை உடனடியாக உறுதிசெய்ய இயலவில்லை.

ஆகவே மீரியபெத்தையில் தோல்வியுற்றது கணிதம் என்றல் பொருந்தாது. வடிவம் அறியப்பட்டிருந்தது, அவ்வறிவைப் பயன்படுத்தி இடம்பெயர்வதற்கான வாய்ப்பே மக்களிடம் இருக்கவில்லை. லயன்கள் எங்கே அமைய வேண்டுமெனத் தீர்மானித்தவர் தொழிலாளர் அல்லர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அந்நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. “வெளியேறுக” என்னும் எச்சரிக்கை, செல்வதற்கு நிலமும் வீடும் உள்ளவனுக்கே முழுமையான எச்சரிக்கையாகும். அபாய வலயப் படத்தோடு காணியுரிமையும் ஒருங்கே சென்று சேரும்போதுதான் சமவுயரக் கோடுகள் மலையக மக்களுக்குப் பயன்தருவனவாகும்.