பனி விலகும் நாட்களில் சருமப் பராமரிப்பு: எதைக் குறைக்க வேண்டும்?

மார்கழி, தை மாதங்களில் நம் ஊர்கள் பலவற்றில் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்காது. வெப்பம் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். மாசி பிறந்து சில நாட்களில் அதே பாட்டிலில் எண்ணெய் விடியற்காலையிலேயே இளகிக் கிடக்கும். சருமத்துக்கு இதுவரை செய்துவந்த கவனிப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு இதுவே எளிய அடையாளம்.

பழைய பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இரவின் பிற்பாதியில் பனி, நண்பகலில் சுடும் வெயில் என ஒரே நாளில் இரண்டு பருவம் இருக்கும். அதனால் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அன்று முதல் எல்லாவற்றையும் மாற்றுவது சரிவராது. முதலில் பகல் நேரப் பழக்கத்தை மாற்றுங்கள். இரவில் பூசுவதை இன்னும் சில வாரங்கள் அப்படியே தொடரலாம்.

பனிக்காலத்தில் வறட்சிக்காக முகத்தில் பூசிய பெட்ரோலியம் ஜெல்லி, கெட்டியான கோல்ட் க்ரீம், எண்ணெய் ஆகியவை வெயில் நாளில் வியர்வையோடு கலந்து மயிர்த்துளைகளை அடைக்கும். மாசியில் திடீரெனப் பரு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பகலில் கெட்டி க்ரீமுக்குப் பதிலாக கிளிசரின் கலந்த லேசான லோஷனோ, ஜெல் வகை மாய்ஸ்சுரைசரோ போதும். எண்ணெய்ப் பசை உள்ள முகமாக இருந்தாலும் மாய்ஸ்சுரைசரை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. குதிகால், முழங்கை, கால்களுக்குப் பழைய கெட்டி க்ரீமே இருக்கட்டும். அங்கே வறட்சி அவ்வளவு சீக்கிரம் போகாது.

வெயில் ஏறியதும் பலர் அடிக்கடி சோப்புப் போட்டு முகம் கழுவத் தொடங்குகிறார்கள். சோப்பு அல்லது ஃபேஸ்வாஷ் நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஐவேளை ஒளு செய்பவர்களின் முகமும் கைகால்களும் ஏற்கெனவே நன்றாகக் கழுவப்படுகின்றன. வெறும் தண்ணீரே வியர்வையைப் போக்கிவிடும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுவதும் காயும் முன் லோஷன் பூசினால் குறைந்த அளவே நிறைய வேலை செய்யும்.

இந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டியது சன்ஸ்கிரீன் ஒன்றுதான். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல், யு.வி.ஏ கதிர்களையும் தடுப்பது என்று லேபிளில் இருக்க வேண்டும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதுமான அளவு கிடைக்கும். நம்மில் பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், முகம் கழுவிய பிறகும் மீண்டும் பூச வேண்டும். கறுப்பு நிறத்தவருக்குச் சன்ஸ்கிரீன் தேவையில்லை என்பது தவறு. வெயிலில் எளிதில் எரியாது என்பது உண்மைதான். ஆனால் மங்கும் கரும்புள்ளிகளும் பரு விட்டுச்செல்லும் தழும்புகளும் நம் நிறத்தில்தான் நெடுநாள் நிற்கின்றன. எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போவதையும் விட்டுவிடுங்கள். தோல் வெந்து கறுத்துவிடும்.

ஹிஜாப் அணியும் சகோதரிகளுக்கு நெற்றியோரத்திலும் தாடை விளிம்பிலும் ஒரே அளவில் அரிப்புடன் சிறு சிறு பருக்கள் வரலாம். பல நேரங்களில் இது முகப்பருவே அல்ல; வியர்வையிலும் எண்ணெயிலும் பெருகும் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. தலைமுடி ஈரமாக இருக்கும்போது துணி கட்டாதீர்கள். உள்ளே அணியும் தொப்பியை தினமும் துவையுங்கள். பருத்தித் துணி நல்லது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். பரு வந்ததும், முகம் கறுத்ததும் பலர் மருத்துவரிடம் போவதில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்குகிறார்கள், அல்லது பக்கத்து வீட்டார் பூசுவதையே வாங்குகிறார்கள். பூசிய ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். அது ஸ்டீராய்டின் வேலை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தெரியும். வெயில் பட்டாலே எரியும். பெண்களின் முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பரு வெடிக்கும். ட்யூபின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீம்தான் அதிகம் தவறாகப் பயன்படுகிறது. ட்ரெட்டினாய்னைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். 2018-ல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ஏற்கெனவே பல மாதங்களாகப் பூசி வருபவர்கள் தாமாகச் சட்டென நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அன்பாகக் கொண்டுவந்து தரும் வெண்மை க்ரீம்களிலும் கவனம் தேவை. தயாரித்த நிறுவனத்தின் முகவரியோ, உட்பொருள் பட்டியலோ இல்லாத டப்பாக்களில் பாதரசம் இருக்கக்கூடும். பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றில் உள்ள குழந்தையையும் பாதிக்கும். உறவினர் மனம் நோகுமே என்று வாங்கி வைத்துக்கொண்டாலும் பூசாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று. பள்ளி செல்லும் பிள்ளைகளின் கன்னத்தில் இந்த மாதங்களில் வெளிறிய திட்டுகள் தெரியும். வயிற்றில் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பது நம் வழக்கம். அது பெரும்பாலும் பனிக்கால வறட்சியின் மிச்சம். சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கும்போது திட்டு எடுப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. மாய்ஸ்சுரைசரும் சன்ஸ்கிரீனும் பூசிவந்தால் சில மாதங்களில் நிறம் சேரும். திட்டு பால் வெள்ளையாக இருந்தாலோ, தொட்டால் உணர்ச்சி இல்லாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.