கண்ணன் பிறந்தநாள் இரண்டான வரலாறு

2025-ஆம் ஆண்டில் கண்ணபிரான் பிறந்தநாள் நம்மவரிடையே இருமுறை கொண்டாடப்பெற்றது. மதுரை, சென்னை முதலிய ஊர்களிலுள்ள நம் குடும்பத்தார் ஆகஸ்டு 16-ஆம் தேதி, அஃதாவது ஆடி 31-ஆம் நாளன்றே, வாயிற்படியினின்று பூசையறை வரை மாக்கோலத்தாற் சிற்றடிகள் இட்டு, சீடையும் முறுக்கும் வெண்ணெயும் படைத்து வழிபட்டனர். நாகர்கோயிற் பக்கத்து நம்மவரோ அன்று வாளாவிருந்து, இருபத்தொன்பது நாள் கழித்துச் செப்டம்பர் 14-ஆம் தேதி, ஆவணி 29-ஆம் நாளன்று, அஷ்டமி ரோகிணி என்னும் பெயரால் அவ்விழாவையே எடுத்தனர்.

இது வெறும் பஞ்சாங்க வேற்றுமையாய் நின்றிருப்பின் நாம் எழுதுகோலை எடுத்திரோம். அப்பக்கத்தினின்று மதுரைக்கு மருமகளாய் வந்த ஒரு பெண்மணி, புக்ககத்து விழாவிலும் கலந்துகொண்டு, பிறந்தகத்து வழக்கத்தையும் விட மனமின்றி ஆவணியில் மறுபடியும் அடி வரைந்தனர். "உங்களூரில் கண்ணன் ஒரு மாதம் பிந்திப் பிறந்தானோ?" என்று வீட்டார் நகையாடினர். நகை முற்றி மனத்தாங்கலாயிற்று. சம்பந்திகளுக்குள் போக்குவரவும் நின்றது. இதனைக் கேள்வியுற்ற அன்பர் சிலர், சங்கம் ஒரு நாளைத் தீர்மானித்து, நம்மவர் யாவரும் அதனையே கைக்கொள்ளுமாறு செய்தல் வேண்டுமென்று எழுதியுள்ளனர். செயற்குழுவார் அதனை வாக்கெடுப்புக்கு விடுமுன், நாள் இரண்டானது எவ்வாறு என்பதை நம் குடும்பத்தார் அறிதல் நன்றென எண்ணி, நாம் கற்ற அளவில் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் நூல்கள் யாது கூறுகின்றன என்று பார்ப்போம். விஷ்ணு புராணத்து ஐந்தாம் அமிசத்திலே, பகவான் யோகநித்திரையை நோக்கிக் கட்டளையிடுமிடத்து, கார்காலத்து நபோ மாதத்தில், தேய்பிறை அஷ்டமி இரவில் தாம் பிறக்கப்போவதாகவும், அவள் நவமியில் பிறத்தல் வேண்டுமெனவும் உரைக்கின்றார். நபோ மாதமென்பது சிராவணம். எனவே இந்நூல் மாதமும் திதியும் கூறிற்று, விண்மீனை எடுத்தோதவில்லை. பாகவதம் பத்தாம் கந்தத்து மூன்றாம் அத்தியாயமோ, ரோகிணி கூடிய நல்வேளையையும், இருள் செறிந்த நள்ளிரவையும் வருணிக்கின்றது, திதியை எடுத்தோதவில்லை. பவிஷ்யோத்தர புராணத்ததாகத் தருமசாத்திரத் தொகுப்புக்களில் வழங்கும் பகுதி, ஞாயிறு சிங்கராசியில் நின்ற காலமென்று மூன்றாவதொரு குறிப்பையும் தருகின்றது. ஆகவே திதி, விண்மீன், நள்ளிரவு, சாந்திர மாதம், சௌர மாதம் என ஐந்து அடையாளங்கள் நமக்குக் கிடைத்தன. ஐந்தும் ஒருங்கே கூடும் ஆண்டில் வழக்கேயில்லை. கூடாத ஆண்டில் எதனைப் பற்றிக்கொள்வது, எதனை விடுவது என்பதே வழக்கின் மூலம்.

இவற்றுள் மாதப்பெயர் பற்றிய வேற்றுமை பெரிதாகத் தோன்றினும் பொருளற்றது. மராட்டியரும் கூர்ச்சரரும் ஆந்திரரும் கன்னடரிற் பெரும்பாலாரும் அமாவாசையோடு மாதத்தை முடிப்பர். காசி, மதுரா முதலிய வடபாகத்தார் பௌர்ணமியோடு முடிப்பர். அதனால் பம்பாயிலே சிராவண பகுள அஷ்டமியென வழங்கும் நாளே மதுராவிலே பாத்திரபத கிருஷ்ண அஷ்டமியெனப்படும். பெயர் இரண்டு, நாள் ஒன்றே. மும்பையில் வாழும் நம்மவர் ஒருவர் வடநாட்டுப் பஞ்சாங்கத்தைக் கண்டு, "அவர்கள் மாதமே தவறு" என்று எழுதியிருந்தார். அவர் கவலை நீங்குக.

உண்மையான பிரிவு சாந்திர மாதத்துக்கும் சௌர மாதத்துக்கும் இடையிலேதான். திங்களின் பன்னிரண்டு சுற்று ஏறத்தாழ 354 நாள். ஞாயிற்றின் ஆண்டு 365 நாளுக்குச் சற்று மிகை. ஆண்டுதோறும் பதினொரு நாள் குறைய, அதனைச் சரிக்கட்டப் பத்தொன்பது ஆண்டில் ஏழு அதிக மாதங்கள் சேர்க்கப்படுகின்றன. இதனால் சிராவணத் தேய்பிறை அஷ்டமி ஆண்டுக்காண்டு முன்னும் பின்னும் ஊசலாடும். ஆவணி பிறந்தபின் அது வருமாயின் தொல்லையில்லை. ஆவணிப் பிறப்புக்கு முன்னரே வந்துவிடின் அஃது ஆடியில் நிகழ்ந்ததாகும். கணக்கிட்டுப் பார்ப்பின், ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு நேரும். 2025 அத்தகைய ஆண்டு. சாந்திர மாதத்தைக் கொண்டவர் ஆடியிலேயே நோற்றனர். ஞாயிறு சிங்கத்தில் புகாத முன்னம் கண்ணன் பிறந்தநாளேது என்பவர், ஆவணிக்குள் வரும் அடுத்த தேய்பிறை அஷ்டமிக்குக் காத்திருந்தனர். குருவாயூரும் ஆறன்முளையும் மட்டுமல்ல, கன்னட நாட்டு உடுப்பியும் அவ்வாறே செப்டம்பரிற் கொண்டாடிற்று. பெங்களூரார் ஆகஸ்டிலேயே விழா முடித்திருந்தனர். ஒரு மாநிலத்துக்குள்ளேயே இப்படியென்றால், மொழியையும் மாநிலத்தையும் இதற்குக் காரணமாக்குவது பொருந்தாது. துளுநாட்டார் மலையாளத்தாரைப்போற் சௌர மாதத்தார் என்பதே காரணம். நம் நாகர்கோயிலும் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்தது, கி. பி. 825-இல் தொடங்கும் கொல்லமாண்டு அங்கே சிங்க மாதப் பிறப்பிலேதான் புத்தாண்டாகப் பிறக்கும். ஆவணியை அவர் விடாப்பிடியாகப் பற்றியிருத்தல் வியப்பன்று.

இனி விண்மீனைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத விரும்புகின்றோம். தமிழர்க்கு இதுவே உரியதாகலின். நம் மொழியில் 'நாள்' என்னும் சொல்லுக்கே விண்மீன் என்பதும் பொருள். சோழ பாண்டியர் கல்வெட்டுக்களைப் பார்ப்பின், இன்ன ஞாயிறு, இன்ன பக்கம், இன்ன திதி, இன்ன கிழமை என்றெல்லாம் அடுக்கி, இறுதியில் இன்ன நாள் என்று விண்மீனிலே கொண்டுபோய் நிறுத்துவதைக் காணலாம். முதலாம் இராசராசன் பிறந்தநாள் ஐப்பசிச் சதயம். ஆண்டாளுக்கு ஆடிப் பூரம். நம்மாழ்வாருக்கு வைகாசி விசாகம். திருமங்கையாழ்வாருக்குக் கார்த்திகையிற் கார்த்திகை. நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் சௌர மாதத்தையும் விண்மீனையும் கொண்டே ஆண்டுநிறைவு செய்கின்றோம். இறந்தார்க்குச் செய்யும் சிராத்தத்துக்குத்தான் திதி நோக்குகின்றோம். (நாயன்மார் குருபூசை விண்மீன் கொண்டு நடப்பதை எடுத்துக்காட்டி எம்மை மறுக்க முன்வருவார்க்கு ஒன்று கூறுவோம்: அது வீடுபேறெய்திய நாள், அடியார் அதனை இறப்பென்று கொண்டிலர்.) பிறப்புக்கு விண்மீன் என்னும் இவ்வழக்கத்தில் ஊறியவர், கண்ணனை வீட்டுப் பிள்ளையாகவே பாவித்து, ஆவணி ரோகிணியில் அவன் பிறந்தநாளைக் கொண்டாட விழைந்தது இயல்பே. வடநாட்டிலோ இராமநவமி, சென்மாஷ்டமி என அவதார நாள்களும் திதியின் பெயராலேயே வழங்குகின்றன.

பெரியாழ்வார் திருமொழியிலும் கண்ணன் பிறந்தது அத்தத்தினின்று பத்தாம் நாள் என்றே குறிக்கப்பெறும். அத்தம் முதலாகப் பின்னோக்கி எண்ணின் உத்திரம், பூரம், மகம் என்று சென்று பத்தாவது ரோகிணி. முன்னோக்கி எண்ணின் சித்திரை, சோதி, விசாகம் என்று சென்று பத்தாவது திருமாலுக்குரிய திருவோணம்! கஞ்சனுக்கு அஞ்சி நாளை மறைத்துக் கூறினார் என்று பெரியோர் நயங் கூறுவர். மாணவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து மகிழ்தற்குரியது இது.

ரோகிணியைப் பற்றினால் ஆவணி தானே வந்து வாய்க்கும் என்பதையும் இங்கே காட்டலாம். தேய்பிறை அஷ்டமியில் திங்கள் ஞாயிற்றுக்குக் கால்வட்டம் பின்னே நிற்கும். ரோகிணியோ இடபராசியின் நடுப்பகுதி. இடபத்தின் நடுவினின்று கால்வட்டம் முன்னே செல்லின் சிங்கத்தின் நடுப்பகுதி வரும். எனவே அஷ்டமியும் ரோகிணியும் ஒன்றுகூடவேண்டுமாயின் ஞாயிறு சிங்கத்தில் நின்றேயாக வேண்டும். 2025-இல் ஆடியில் வந்த அஷ்டமியோடு ரோகிணி கூடவில்லை. அஷ்டமி கழிந்த பின்னரே ரோகிணி பிறந்தது. செப்டம்பர் 14-இல் இரண்டும் கூடின. நாகர்கோயிலார் காத்திருந்ததற்கு வானத்திலேயே சான்று இருந்தது. அங்ஙனமாயின் மதுரையார் செய்தது தவறோ எனின், அன்று. அவர் விஷ்ணு புராணங் கூறிய சிராவண அஷ்டமியைப் பற்றினர். அதற்கும் சான்று குறைவில்லை.

இவ்வேற்றுமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். பதினான்காம் நூற்றாண்டில் மாதவாசாரியார் இயற்றிய காலமாதவம், அஷ்டமி பற்றிய சென்மாஷ்டமி விரதம் வேறு, ரோகிணி கூடிய செயந்தி விரதம் வேறு என்று பிரித்தே கூறிற்று. காசியில் கமலாகர பட்டர் 1612-இல் முடித்த நிர்ணய சிந்துவும் இதனை நீள ஆராய்கின்றது. தமிழ்நாட்டு ஸ்மார்த்தர் வைத்தியநாத தீட்சிதீயத்தைப் பின்பற்றுவர். நள்ளிரவில் அஷ்டமி இருத்தல் வேண்டுமென்பது ஸ்மார்த்தர் கொள்கை. உதயத்தில் சப்தமி கலவாத அஷ்டமி வேண்டுமென்பது வடநாட்டு வைணவர் கொள்கை. 2025-இல் ஆகஸ்டு 15-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்றுமுன் அஷ்டமி பிறந்தமையால், வடநாட்டில் ஒரு சாரார் 15-இலும் மற்றொரு சாரார் 16-இலும் உபவாசமிருந்தனர். தமிழ்நாட்டு ஸ்ரீவைணவரிடையே திருவரங்கம், காஞ்சி வரதர் கோயில் முதலிய பாஞ்சராத்திரத் தலங்களுக்கும், திருமலை, திருவல்லிக்கேணி முதலிய வைகானசத் தலங்களுக்கும் உதயகால விதிகளில் வேற்றுமையுண்டு. ஒரு நாள் முன்பின்னாக ஸ்ரீசெயந்தி வருதல் அதனாலாம்.

கொண்டாடும் முறையும் அவ்வாறே. மதுராவில் நள்ளிரவு வரை உணவின்றி விழித்திருப்பர். மராட்டியத்தில் மறுநாள் ஆள்மேல் ஆளேறித் தயிர்க்கலம் உடைப்பர். நம் ஊர்களில் உறியடியும் வழுக்குமரமும். ஆறன்முளையில் பள்ளியோடத்தார்க்குப் பெருவிருந்து. நம் வீடுகளில் அந்தி மயங்கியதும் படைத்துவிடுகின்றோம். சீடையைக் கண்ட குழந்தை நள்ளிரவு வரை பொறுக்குமோ?

நிற்க. இதுகாறும் கூறியவை விதி வேற்றுமை. கணித வேற்றுமை என்று பிறிதொன்றுண்டு. அதனை இதனோடு குழப்பலாகாது. வரருசி செய்தனவாகக் கூறப்படும் 248 சந்திர வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது வாக்கியப் பஞ்சாங்கம். கண்ணாற் காணும் வானநிலையோடு அது பல நாழிகை மாறுபடக் கண்டே, கேரளத்துப் பரமேசுவரர் 1431-இல் திருக்கணிதத்தை வகுத்தார். சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்முறையிற் பஞ்சாங்கம் வெளியிட்டார். மேகநாத சாகாவின் தலைமையில் 1952-இல் அமைந்த குழு 1955-இல் அறிக்கை தந்து, 1957 மார்ச்சு 22 முதல் தேசியப் பஞ்சாங்கமும் நடைமுறைக்கு வந்தது. திதி முடியும் வேளை இதுவோ அதுவோ என்பதற்கு வானமே விடை கூறும்; இதில் நாம் தயங்காது திருக்கணிதத்தின் பக்கமே நிற்போம். அஷ்டமியோ ரோகிணியோ என்பதற்கு வானம் விடை கூறாது. எந்தத் தொலைநோக்கியைக் கொண்டு பார்த்தாலும், பிறந்தநாளுக்குத் திதி முக்கியமா, விண்மீன் முக்கியமா என்பது தெரியப்போவதில்லை.

திருக்கணிதமே கொண்டாலும் இடவேற்றுமை போகாது. திதி முடியும் கணம் உலகெங்கும் ஒன்று. உதயமும் நள்ளிரவும் ஊருக்கு ஊர் வேறு. துவாரகையிலும் கல்கத்தாவிலும் ஞாயிறு எழும் வேளைக்கிடையே மூன்று நாழிகைக்கு மேல் வேற்றுமை. சிங்கப்பூரிலும் இலண்டனிலும் உள்ள நம் பிள்ளைகள் சென்னைப் பஞ்சாங்கத்தை அப்படியே கொள்ளாது, தாமிருக்கும் ஊருக்குக் கணித்ததைப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின் செயற்குழுவார்க்கு நாம் விண்ணப்பிப்பது இது. ஒரு நாளே சரியென்று தீர்மானம் செய்யற்க. அத்தீர்மானம் நம் குடும்பங்களில் ஒரு பாதியைத் தவறுடையோராக்கும், தவறோ யாரிடத்துமில்லை. ஆண்டுதோறும் சித்திரை இதழில் இரு நாள்களையும் காரணத்தோடு அச்சிடுக. மாணவர் விடுதியில் இருதிறத்துப் பிள்ளைகளும் இருத்தலால் இரு நாளும் படைக்க ஏற்பாடு செய்க. செலவு அரைப்படி வெண்ணெயும் சிறிது அரிசிமாவும். மருமகளாய் வந்தவர் பிறந்தகத்து நாளையும் கொண்டாட விரும்பின் அவ்வீட்டு மாமியார் தாமே மாவரைத்துக் கொடுப்பாராக.

வீட்டில் தாமே அறிய விரும்புவார்க்கு வழி எளிது. பஞ்சாங்கத்தில் ஆவணி முதல் நாளைக் காண்க. அதற்கு முந்திய ஏழெட்டு நாளுக்குள் தேய்பிறை அஷ்டமி வந்திருப்பின் அவ்வாண்டு விழா இரண்டு; ஆவணி பிறந்தபின் வருமாயின் பெரும்பாலும் ஒன்று, அல்லது ஒரு நாள் முன்பின்.