முஸாபிருக்கு ஓர் இரவு

ஹிஜ்ரி 725-ஆம் ஆண்டு ரஜப் மாதம், அதாவது கி.பி. 1325 ஜூனில், இருபத்தோரு வயது இளைஞர் ஒருவர் மொராக்கோவின் தன்ஜா நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். துணைக்கு ஆளில்லை. பிற்காலத்தில் உலகறிந்த பயணியாகிய இப்னு பதூதாதான் அவர். வழியில் பயணிகள் சிலரோடு சேர்ந்துகொண்டார். காய்ச்சலால் கீழே விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டே தூனிஸ் நகரை அடைந்தார். ஊரார் எதிர்கொண்டு வந்து, உடன் வந்தோர் ஒவ்வொருவருக்கும் முகமன் கூறினர். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லை. அழுதுவிட்டதாகத் தமது பயண நூலில் ஒளிக்காமல் சொல்கிறார். அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகே வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை பேச்சுத் துணையாக இருந்தார். அங்கு அவர் தங்கியது புத்தக வணிகர்களின் பெயரால் அமைந்த ஒரு மதரஸா.

கையில் காசு குறைந்த தனிப்பயணி அந்நாளில் எங்கே தங்குவான்? வணிகச் சாலைகளில் கான் எனப்படும் சத்திரங்கள் இருந்தன. எகிப்திலிருந்து ஷாம் செல்லும் மணல்வழியில் நிலையத்துக்கு நிலையம் ஒரு கான், வெளியே தண்ணீர்த் தொட்டி, தேவையானதை வாங்க ஒரு கடை என்று இப்னு பதூதா வருணிக்கிறார். சரக்கும் மிருகங்களும் உடையோருக்கு அது பொருத்தம். கல்வி தேடி வந்தவருக்கு மதரஸாவும், பக்கீர்களுக்கு கான்காஹும் செலவில்லாத இடங்கள். வக்ஃபுச் சொத்துகளின் வருமானத்தால் நடப்பவை.

ஆனால் இலவசம் என்பதற்காக எவரும் கேள்வியின்றி நுழைந்துவிட முடியாது. கெய்ரோவின் கான்காஹ் ஒன்றுக்குப் புதியவர் வந்தால், இடுப்பை வரிந்து கட்டி, தோளில் முஸல்லாவும் ஒரு கையில் கோலும் மறு கையில் கூஜாவுமாக வாசலில் நிற்க வேண்டும். காரியஸ்தர் வெளியே வந்து, எந்த ஊர், வழியில் எங்கெங்கே தங்கினீர், உம்முடைய ஷெய்கு யார் என்று விசாரிப்பார். சொன்னது உண்மையென்று தெரிந்த பின்பே உள்ளே இடம். இதை அவமதிப்பாக எண்ணுவது தவறு என்பது என் கருத்து. யாரையும் கேளாமல் உள்ளே விடும் வீட்டில் நள்ளிரவில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் யாரென்று எவருக்குத் தெரியும்?

1326 ரமலானில் திமிஷ்கில் ஒரு மாலிக்கி மதரஸாவில் அவர் தங்கியிருந்தார். அங்கு ஓர் ஆசிரியர் நோன்பு திறக்கத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். நான்கு இரவுகள் சென்றார். பிறகு காய்ச்சலால் போகவில்லை. ஆசிரியர் ஆளனுப்பி வரவழைத்து, மருத்துவரையும் வைத்து, பெருநாள்வரை தம் வீட்டிலேயே இருத்திக்கொண்டார். அந்நியனுக்கு நோய் வந்தால் தேடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அவருக்குத் தந்தது மதரஸா.

1330-களின் தொடக்கத்தில் அனதோலியாவில் அவர் கண்டதோ வேறு உலகம். அகீ என்னும் தலைவரின்கீழ் தொழில் செய்யும் இளைஞர்கள் ஒன்றுகூடி, பகலில் உழைத்ததை அஸருக்குப் பின் கொண்டுவந்து சேர்த்து, அதைக் கொண்டு பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தனர். அந்தாலியாவில் கிழிந்த உடையும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழைக்கு எதற்குச் சிரமம் என்று இவர் தயங்க, உடனிருந்த ஷெய்கு சிரித்தாராம். தோல் தைக்கும் அந்த மனிதருக்கு இருநூறு தோழர்கள்! லாதிக் நகரிலோ கடைகளிலிருந்து இறங்கி வந்த சிலர் குதிரைகளின் கடிவாளத்தைப் பற்ற, மற்றொரு கூட்டத்தார் அவர்களோடு மோத, கத்திகளும் உருவப்பட்டன. கொள்ளையர் என்று நடுங்கியவர்களுக்கு, அரபி அறிந்த ஒரு ஹாஜிதான் விளக்கம் சொன்னார்: விருந்தாளிகளை யார் அழைத்துச் செல்வது என்பதே வழக்கு! சீட்டுக் குலுக்கித் தீர்த்தார்கள்.

1342-இல் டில்லி சுல்தானின் தூதராகப் புறப்பட்டு நம் பக்கத்து மலபாருக்கு வந்தபோது அவர் ஏழைப்பயணியல்லர். ஆயினும் பழைய கண் மாறவில்லை. சாலையில் அரை மைலுக்கு ஒரு மரவீடு, எம்மதத்தவரும் அமரத் திண்ணைகள், ஒரு கிணறு, நீர் வார்க்க ஓர் ஆள் என்று குறிக்கிறார். இரவு தங்குவதற்கு வழிநெடுக முஸ்லிம்களின் வீடுகள் இருந்தன. வேண்டிய பொருளை விலைக்குத் தந்து, சமைத்தும் கொடுத்தார்கள். அவர்கள் இல்லையேல் அந்நாட்டில் எந்த முஸ்லிமும் பயணம் செய்திருக்க முடியாது என்று எழுதுகிறார்.