கைவிடப்பட்ட பெட்டியும் கைவிடப்படாத மென்பொருளும்

வன்தட்டில் சேர்த்துவைத்த பாடல்களை வீட்டின் எந்த அறையிலிருந்தும் கேட்கவேண்டும் என்ற விருப்பத்திலிருந்து பிறந்ததே இசை வழங்கி. லினக்ஸ் கணினிகளில் பலர் நிறுவிக்கொள்ளும் லிரியன் மியூசிக் சேர்வர் என்ற இலவச மென்பொருளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அதில் அடங்கியிருப்பதனாலேயே அதனை இங்கு எழுதுகிறேன்.

2000 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் ஷோன் அடம்ஸ் என்பவர் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனத்தை ஆரம்பித்தார். 2001 இல் அது விற்பனைக்கு விட்ட ஸ்லிம்பி3 என்ற பெட்டியில் பாடல்களைச் சேமிக்கும் வசதி இருக்கவில்லை. பாடல்கள் யாவும் கணினியிலேயே இருந்தன. அங்கு இயங்கிய வழங்கி மென்பொருள், கோப்புகளைப் பாடகர், இசைத்தொகுப்பு என வகைப்படுத்திப் பட்டியலிட்டு, கேட்ட பாடலை வலையமைப்புக் கம்பி வழியாகப் பெட்டிக்கு அனுப்பியது. 2003 இல் வெளிவந்த ஸ்குவீஸ்பொக்ஸ் கம்பியில்லா இணைப்பையும் வழங்கியது.

அந்நிறுவனம் செய்த முக்கியமான காரியம் வேறொன்று. பேர்ள் மொழியில் எழுதப்பட்ட அந்த வழங்கி மென்பொருளை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் திறந்த மூல நிரலாக வெளியிட்டது.

2006 இல் லொஜிடெக் நிறுவனம் 20 மில்லியன் டொலருக்கு ஸ்லிம் டிவைசஸை வாங்கியது. மென்பொருளின் பெயர் பலமுறை மாறியது. 2012 இல் ஸ்குவீஸ்பொக்ஸ் வரிசையே கைவிடப்பட்டது. வழக்கமாக இத்துடன் கதை முடிந்துவிடும். ஆனால் நிரல் திறந்திருந்தமையால் ஆர்வலர்கள் அதனைத் தொடர்ந்து பேணினர். அதே ஆண்டில் ராஸ்பெரி பை என்ற மலிவான சிறு கணினி வந்தது. ஸ்குவீஸ்லைற் என்ற இன்னொரு திறந்த மென்பொருளை அதில் நிறுவினால், அதுவே பழைய பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெட்டிகளுக்கான இணையச் சேவையை லொஜிடெக் 2024 இன் தொடக்கம் வரை நடத்தியது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். அது மூடப்பட்ட அவ்வாண்டிலேயே மென்பொருள் லிரியன் என்ற புதிய பெயரைப் பெற்றது. பழைய பெட்டிகள் இன்றும் அதனுடன் இயங்குகின்றன.

இதனை நிறுவுவதும் கடினமன்று. டெபியன், உபுண்டு ஆகியவற்றுக்கு ஆயத்தமான பொதி உண்டு. நிறுவியபின், உலாவியில் கணினியின் முகவரியோடு 9000 என்ற எண்ணைச் சேர்த்துத் திறந்து, பாடல்கள் உள்ள கோப்புறையைக் காட்டினால் போதும். தமிழில் எழுதிய பாடற்பெயர்களும் தமிழிலேயே தோன்றும்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. கூகிள் பிளே மியூசிக் 2020 டிசெம்பரில் மூடப்பட்டபோது, சொந்தப் பாடல்களை அங்கு ஏற்றிவைத்திருந்தோர் அவற்றை வேறிடம் மாற்றவேண்டியதாயிற்று.

நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்வேன். ஆவணங்கள் பெரும்பாலும் ஒரேயிடத்தில், ஒருவரின் பொறுப்பில் மட்டும் இருந்தமையாலேயே அழிகின்றன. புலம்பெயர்ந்தபோது ஒலிநாடாக்களைச் சுமந்து சென்ற எம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. அவற்றைக் கணினியில் ஏற்றுங்கள். இரண்டாவது பிரதியொன்றை வேறொரு வன்தட்டில் வையுங்கள். வழங்கியை உங்கள் வீட்டிலேயே இயக்குங்கள்.